கல்சுமந்தார் வீடு

வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் போதும், பேசுகிறவன் எந்தத் தாலுகா, அவன் தாய் எந்தத் தாலுகா என்று சத்தியநேசன் சொல்லிவிடுவார். சாயங்காலம் வடசேரியில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபின், பின் சீட்டில் போனில் பேசுகிறவனைத் திரும்பிப் பார்க்காமலே, "விளவங்கோடு. ஆனா பொண்ணு கெட்டியிருக்கது களியக்காவிளைக்கு அங்கிட்டு" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பிப்போனால், "கல்ஃப்ல ரொம்ப நாளு கெடந்திருப்பான், கலந்துபோச்சு" என்பார். தோற்றதாக ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

இது தொழில் கொடுத்த புத்தி. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில் அவர் முப்பத்தேழு வருடமாக லேப் அட்டெண்டர். மணற்கல் எங்கிருந்து வந்த மணலால் ஆனது என்று கண்டுபிடிக்கிற துறை அது. கண்டுபிடிக்கிறவர்கள் பேராசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும். எண்ணுகிறவர் சத்தியநேசன்.

மணற்கல் என்றால் வேறொன்றுமில்லை. எங்கோ மலையில் பிறந்த மணல், ஆற்றோடு வந்து, ஒரு கரையில் ஒதுங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் குடும்பமாகிவிட்டது. ஒட்டினாலும் பிறந்த ஊரை மறக்காது. கல்லை உடைத்தோ அமிலத்தில் கரைத்தோ மணல்மணிகளைப் பிரித்து, கனமான ஒரு திரவத்தில் கொட்டினால் சாதாரண வெள்ளை மணல் மேலே மிதக்கும். கனத்த மணிகள் அடியில் தங்கும். மிதப்பது எல்லா ஊரிலும் உண்டு. தங்குவதுதான் ஊர்ப்பெயர் சொல்லும். அதைக் கண்ணாடித் துண்டில் பசைவைத்து ஒட்டி, மைக்ராஸ்கோப்பின் கீழே ஒவ்வொன்றாக எண்ணவேண்டும். இளஞ்சிவப்பாகக் கார்னெட், ஊசிபோல சில்லிமனைட், தேன்துளிபோல மோனசைட், எத்தனை மலை கரைந்தாலும் தான் கரையாத சிர்க்கான். ஒரு கண்ணாடிக்கு முன்னூறு மணி. முன்னூற்றுக்குக் குறைந்தால் செல்லாது.

அவர் எண்ணிய எண்ணிக்கையில் இதுவரை பதினாறு பேர் டாக்டர் ஆகியிருக்கிறார்கள். பதினாறு புத்தகத்திலும் நன்றியுரையின் கடைசி வரியில், ஜெராக்ஸ் கடைக்காரருக்கு முந்தி, 'மற்றும் ஆய்வக உதவியாளர்' என்று இருக்கிறது. இரண்டில் பெயரும் இருக்கிறது.

கல்லூரியில் அப்படி. ஊரில் கதை வேறு.

வட்டக்கோட்டைக்கு மேற்கே இரண்டு மைலில் இருக்கிறது கீழப்புன்னவிளை. அங்கே 1850-இல் கட்டிய கோயில் உண்டு. அந்தப் பக்கத்தில் கிறிஸ்தவர்களும் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். கோயிலுக்குள் ஒரு கல் தொட்டி. ஞானஸ்நானத் தொட்டி. ஹார்ட்வெல் துரை என்ற மிஷனரி, இங்கிலாந்தில் தன் சொந்த ஊர்க் கல்லில் செய்து கப்பலேற்றிக் கொண்டுவந்தது என்பது வரலாறு. குளச்சல் துறைமுகத்தில் இறங்கிய தொட்டியை இருபத்துநாலு மைல் தலையில் சுமந்து, வழியில் ஒருமுறைகூட இறக்கிவைக்காமல் கொண்டுவந்தவர் மாசிலாமணி. சத்தியநேசனின் பாட்டனுக்குப் பாட்டன். அன்றுமுதல் அந்த வீட்டுக்குக் 'கல்சுமந்தார் வீடு' என்று பெயர். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்குத் தொட்டியில் முதல் குடம் தண்ணீர் விடுவது அந்த வீட்டு உரிமை. மாசிலாமணி பாரத்துக்கு அடியில் தலையில் வைத்திருந்த பனைநார்ச் சும்மாடு, முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள், பிறகுதான் காப்பி.

உரிமை ஆண்பிள்ளைக்குத்தான் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதாததனாலேயே அதை அசைக்க முடியவில்லை. சத்தியநேசனுக்கு இருந்தது ஒரே மகள், ஜெப்சி. மஸ்கட்டில் நர்ஸ். 'எனக்குப் பின்னால் குடம் எனக்க மகளுக்கு' என்று மூன்று வருடம் சபைக் கமிட்டியோடு மல்லுக்கு நின்றார். கடைசியில் நூற்றெழுபத்தைந்தாம் ஆண்டுப் பண்டிகைக்கு ஜெப்சி குடம் எடுக்கலாம் என்று தீர்மானம் ஆயிற்று. அவள் லீவு எழுதிப்போட்டு, டிக்கெட்டும் எடுத்து, கசவுச் சேலையும் வாங்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தரைக்கு டைல்ஸ் ஒட்ட வந்தவர்கள் தொட்டியை நகர்த்தினார்கள். விளிம்பில் பெருவிரல் அளவுக்கு ஒரு சில்லு தெறித்தது.

சபைச் செயலாளர் ராஜகுமார் பதறவில்லை. அவர் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. விபத்திலிருந்து ஏதாவது தேறுமா என்றுதான் முதலில் பார்ப்பார். சில்லை ஒரு நாற்காலி உறையில் சுற்றி எடுத்துக்கொண்டு கல்சுமந்தார் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, இது கர்த்தர் தந்த சில்லு. பக்கத்துச் சபைக்காரன் அவனுக்க கோயில் மணியில 'லண்டன்'னு எழுதியிருக்குன்னு போஸ்டர் அடிச்சு ஒட்டியிருக்கான், பாத்தீரா?"

"பாத்தேன்."

"நம்ம தொட்டியில ஒண்ணும் எழுதல்ல. ஆனா நமக்கு நீரு இருக்கீரு. உம்ம லேபுல இதப் போட்டு, இங்கிலாந்துக் கல்லுதான்னு ஒரு பேப்பர் எழுதித் தாரும். பண்டிகை மலர்ல மொதப் பக்கம். சயன்ஸ் சொல்லிச்சுன்னா பின்ன எவன் வாயத் தொறப்பான்?"

சத்தியநேசனுக்கு உள்ளூரப் பூரித்துப்போயிற்று. முப்பத்தேழு வருடம் ஊரான் கல்லை எண்ணியாயிற்று. சொந்தக் கல் ஒன்று இப்போதுதான் வருகிறது.

மறுநாள் லேபில் சில்லின்மேல் ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டார். சோடாபோலப் பொங்கியது. பொங்கினால் மணலை ஒட்டிவைத்திருப்பது சுண்ணாம்பு. அது குற்றமில்லை, இங்கிலாந்திலும் சுண்ணாம்பு இருக்கும். ஆனால் நுரை அடங்கியபோது பாதி கரைந்த ஒரு சிப்பித்துண்டு தெரிந்தது, நம் கடற்கரையில் கிடக்கிற சாதி. அவர் அதைப் பார்க்காததுபோல அடுத்த வேலைக்குப் போனார். பார்க்காததுபோல இருப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

மணிகளைப் பிரித்து, கழுவி, ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் பத்தாவது மணியிலேயே கண்ணை எடுத்துவிட்டார். எதிரே வடசேரிச் சந்தையில் சொந்தக்காரனைப் பார்த்ததுபோல இருந்தது. இந்த இளஞ்சிவப்பை, இந்த ஊசியை, இந்தத் தேன்துளியை அவருக்குத் தெரியும். அலமாரியைத் திறந்து நாற்பத்தேழாம் கண்ணாடியை எடுத்தார். 1996-இல் ஒரு ஆராய்ச்சி மாணவனுக்காக வட்டக்கோட்டைக் கரைப்பாறையிலிருந்து அவரே செய்தது. அதில் கார்னெட் தொண்ணூற்றாறு. சில்லில் தொண்ணூற்றுநாலு. அதில் சில்லிமனைட் எழுபத்தொன்று. சில்லில் எழுபத்துமூன்று. ஒரு வயிற்றில் பிறந்ததுகள்கூட இவ்வளவு ஒத்துப்போகாது.

துறையில் இங்கிலாந்து மணற்கல் கண்ணாடிகள் ஆறு, பாடம் நடத்துவதற்காக வாங்கியவை, பெட்டியில் கிடந்தன. ஆறையும் பார்த்தார். தொட்டி அந்தக் குடும்பத்தை அறியவே அறியாது.

இரண்டாம் தடவை எண்ணினார், சரிபார்க்க. மூன்றாம் தடவை எண்ணினார், மாறாதா என்று. துறைத்தலைவர் சபிதா மேடம் வந்து குனிந்து பார்த்தார்.

"இது நம்ம வட்டக்கோட்டை சாம்பிள்தானே சத்தியநேசன்? மறுபடி எதுக்கு எண்ணுதீங்க?"

"இல்ல மேடம், இது இங்கிலாந்து."

மேடம் நிமிர்ந்தார். "உடம்பு சரியில்லன்னா லீவு போட்டுட்டுப் போங்க" என்றார்.

அன்று சாயங்காலம் கோயிலுக்குள் யாருமில்லாத நேரம் பார்த்து அளவுநாடாவோடு போய்த் தொட்டியை அளந்தார். நீளம், உயரம், குடைந்த ஆழம். ஊருலகத்தில் எல்லாக் கல்லையும் எடை போட்டவர், இந்த ஒரு கல்லை மட்டும் போட்டதில்லை. இருநூறு கிலோவுக்குக் குறையாது. இருநூறு கிலோவை இருபத்துநாலு மைல் தலையில் வைத்து ஓர் ஆள் நடந்ததாக ஐம்பத்தொன்பது வயதுவரை நம்பியிருக்கிறார், அதுவும் கல்லைப்பற்றிப் படித்தவர்கள் நடுவே வேலைபார்த்துக்கொண்டு.

திரும்பும் வழியில் முக்கில் வைகுண்டராஜன் டீக்கடை. நெற்றியில் நாமமும் தோளில் துண்டுமாக வைகுண்டராஜன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். கிறிஸ்தவர்கள் அல்ல, அய்யாவழிக் குடும்பம்; சத்தியநேசனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஐம்பது வருடமாக இருவருக்கும் நடுவே ஒரே சண்டை. 'ஏலே, உங்க தொட்டி எங்க பூட்டனுக்க காளமாடு தண்ணி குடிச்ச தொட்டியாக்கும். விளிம்புல கயிறு தேஞ்ச தடம் கெடக்கு பாரு' என்பார் வைகுண்டராஜன். 'அது கப்பல் கயிறு லேய்' என்பார் சத்தியநேசன். டீ குடிக்க வருகிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். சத்தியநேசனும் சிரிப்பார், கப்பல் தன் பக்கம் இருந்ததால்.

இன்றைக்குக் கடையில் வேறு ஆள் இல்லை. சத்தியநேசன் குரலைத் தாழ்த்தி, "மக்கா, நீ சொன்னது சரிதான் போலிருக்கு. அது வட்டக்கோட்டைக் கல்லு. எண்ணிப் பாத்துட்டேன்" என்றார்.

வைகுண்டராஜன் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தார். வைகுண்டராஜன் டீயைக் கீழே வைத்தார்.

"யாருட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

"ஏம்ல? அம்பது வருசமா நீதானே சொல்லிட்டு நடந்த?"

"நான் சொன்னது கேலிக்காக்கும். நிசம்னு ஆச்சுன்னா பின்ன எப்பிடிக் கேலி பண்ணுகது?" வைகுண்டராஜனுக்கு உண்மையிலேயே வருத்தம். "அது மட்டுமா? எங்க மாட்டுத் தொட்டியில உங்க ஊரு பூரா ஞானஸ்நானம் எடுத்திருக்குன்னா, எங்க சனம் என்னையில்லா கேக்கும், பூட்டன் ஏன் குடுத்தாருன்னு? உங்க சனமும் என்னையத்தான் கேக்கும், கழுவிக் குடுத்தாரான்னு. எனக்கு டீ விக்காண்டாமா?"

"அப்ப என்ன எழுத?"

"இங்கிலாந்துன்னு எழுதுலேய். உனக்குப் பேனா எடுத்தா கையில என்ன தேய்மானம்?"

வீட்டில் மனைவி பூங்கனி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்தாமல், "எண்ணச் சொன்னா எல்லாத்தயும் எண்ணீருவீங்களா? பாதியில நிறுத்தியிருக்கப்பிடாதா?" என்றாள்.

"முன்னூறு எண்ணணும் பூங்கனி. குறஞ்சா செல்லாது."

"செல்லாமப் போகட்டும்னுதான் சொல்லுகேன். மூணு வருசம் புள்ளைக்காகச் சண்ட போட்டு வாங்குன குடம். கல்லு சுமக்கல்லன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, அவ என்னத்துக்குக் குடம் எடுக்க?"

அதுதான் அவருக்கும் உறுத்தியது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மஸ்கட்டுக்குப் போன் போட்டார். பெரிய செய்தியைச் சொல்கிற குரலில் மெதுவாகச் சொன்னார். ஜெப்சி வார்டிலிருந்து பேசினாள்; பின்னால் ஏதோ மெஷின் கூவிக்கொண்டிருந்தது.

"நீங்க எண்ணுனது சரிதானேப்பா?"

"மூணு தடவ எண்ணினேன் மக்ளே."

"பின்ன எழுதுங்க. ரிசல்ட்டு மாத்தி எழுதுனா எங்க ஆஸ்பத்திரியில ஒடனே வீட்டுக்கு அனுப்பிருவாவ. டிக்கெட்டு கேன்சல் பண்ணுனா பைசா திரும்ப வராது, அதனால குடம் உண்டோ இல்லையோ நான் வருவேன்."

சத்தியநேசன் எழுதினார். வாழ்க்கையில் முதல்முறையாக, வேறொருவர் எழுத வேண்டியதைத் தானே எழுதினார். மூன்று காகிதம் கிழித்தபிறகு வந்தது இவ்வளவுதான்: 'இது கடற்கரை மணற்கல். இதிலுள்ள மணிகள் நம் மலைகளில் பிறந்து, ஆற்றில் இறங்கி, கடலில் வெகுகாலம் அலைந்து, வட்டக்கோட்டைக் கரையில் ஒதுங்கி, கல்லாக இறுகியவை. குளச்சல் வழியாக வந்ததற்கு இதில் அடையாளம் இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்ததற்கும் இல்லை.'

கீழே கையெழுத்துப் போட்டபோது, தனக்கு வரப்போகும் அவமானத்தை அவர் ஒருமாதிரி ருசித்துக்கூடப் பார்த்தார். உண்மைக்காக உரிமையை இழந்தவர் என்று யாராவது பின்னால் சொல்லக்கூடும். வைகுண்டராஜனாவது.

ராஜகுமார் காகிதத்தை இரண்டு முறை வாசித்தார். முகம் சுருங்கியது, பிறகு மெல்ல விரிந்தது. "அருமை அண்ணாச்சி. இத நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

மலர் வந்தது. முதல் பக்கத்தில் தொட்டியின் படம். கீழே கட்டம் கட்டி: 'கடலில் வெகுகாலம் அலைந்து வட்டக்கோட்டைக் கரையில் ஒதுங்கியது! குளச்சல் வழியாக வந்ததற்கு அடையாளம் இல்லை என்கிறார் பிரபல நிலவியல் ஆய்வாளர் திரு. சத்தியநேசன்.' அடுத்த பக்கத்தில் ராஜகுமாரின் கட்டுரை. ஹார்ட்வெல் துரையின் கப்பல் வட்டக்கோட்டைக்கு நேரே புயலில் உடைந்தது. ஆளும் பொருளும் மூழ்கியும் தொட்டி மட்டும் அலைமேல் மிதந்து கரைசேர்ந்தது. இருநூறு கிலோ கல் மிதந்ததை அவர் அற்புதம் என்று எழுதியிருந்தார். அதில் மட்டும் சத்தியநேசனால் குறைசொல்ல முடியவில்லை; மிதந்திருந்தால் அற்புதம்தான்.

கமிட்டிக் கூட்டத்துக்கு அவரே போனார்.

"ராஜகுமார், நான் அலஞ்சதுன்னு எழுதுனது மணல. தொட்டிய இல்ல."

"தொட்டி மணல்தானே அண்ணாச்சி? நீருதான எழுதியிருக்கீரு?"

"கடைசி வரிய எங்க? இங்கிலாந்துன்னு ஒண்ணும் இல்லன்னு எழுதுனேனே?"

"எடம் பத்தல்ல. செங்கல்சூளைக்காரன் அரைப் பக்கம் விளம்பரம் தந்துட்டான்."

அப்போது பின்வரிசையிலிருந்து செல்லக்கனி டீச்சர் எழுந்தார். ரிட்டயர்டு ஆனபின்னும் ஆஜர் பட்டியல் வாசிக்கிற குரல். "எனக்கு ஒரு சந்தேகம். கல்லு குளச்சலுக்கே வரல்லன்னு சத்தியநேசனே சொல்லியாச்சு. அப்ப குளச்சல்ல இருந்து சுமந்தது யாரு?"

அவரே பதிலும் சொன்னார்.

"வட்டக்கோட்டைக் கரையில அந்தக் காலத்துல எங்க பூட்டனுக்குத்தான் பனந்தோப்பு இருந்து. கல்லு ஒதுங்குனா மொதல்ல பாத்தது யாரா இருக்கும்? காலையில பனையேற வந்த எங்க பூட்டன்தானே?"

சபையில் ஒரு முனகல் எழுந்து, 'அதும் சரிதானே' என்று அடங்கியது. சத்தியநேசன் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இருநூறு கிலோ என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் மாசிலாமணியும் போவார், செல்லக்கனியின் பூட்டனும் போவார், மிதந்த தொட்டி மட்டும் மிதந்துகொண்டே இருக்கும். பாதிரியார் மணிக்கட்டைப் பார்த்து ஜெபத்துக்கு எழுந்தார். தீர்மானம் நிறைவேறியது. முதல் குடம் இந்த ஆண்டுமுதல் 'கல் கண்டெடுத்தார் வீட்டுக்கு'.

உண்மையைச் சொல்லி உரிமையை இழக்கத் துணிந்திருந்தார். பழைய பொய்யை உடைக்கப்போய்ப் புதுப்பொய்யிடம் இழப்போம் என்பது அவர் எண்ணிக்கையிலேயே வரவில்லை. ஆய்வாளர் என்று ஊர் ஒப்புக்கொண்ட அதே பக்கத்தில்தான் குடமும் போனது.

பண்டிகை நன்றாக நடந்தது. செல்லக்கனி டீச்சர் குடத்தைச் சாய்த்தபோது பாதித் தண்ணீர் புதிய டைல்ஸில் போனது. கசவுச் சேலையில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெப்சி சிரிப்பை அடக்கக் குனிந்தாள். வெளியே பந்தலில் எல்லோருக்கும் டீ வைகுண்டராஜன் கடையிலிருந்துதான். சத்தியநேசனிடம் தம்ளரை நீட்டி, "உங்க தொட்டி மெதந்துச்சாமே லேய்?" என்றார். ஐம்பது வருடத்தில் இல்லாத சந்தோஷம் அவர் முகத்தில். புதுக்கேலி இன்னும் ஐம்பது வருடத்துக்குப் போதும்.

வீட்டுக்கு வந்ததும் பூங்கனி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து சும்மாட்டை வெளியே எடுத்தாள்.

"இனி இது எதுக்கு? காட்டினா ஆளு சிரிக்கும்."

"இரு" என்றார் சத்தியநேசன். ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து, சும்மாட்டை அதன்மேல் மெதுவாகத் தட்டினார். நாரின் இடுக்கிலிருந்து நூற்றெழுபத்தைந்து வருடத்துத் தூசி விழுந்தது. சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துக் குனிந்தார். ஜெப்சியும் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"என்னப்பா தெரியுது?"

இளஞ்சிவப்பு தெரிந்தது. ஊசி தெரிந்தது. சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்ட இரண்டு மூன்று மணிகள் ஒன்றாகவே கிடந்தன. நாலு பேர் சேர்ந்து தலைகொடுத்துத் தூக்கியிருந்தால், இருபத்துநாலு வேண்டாம், இரண்டு மைல் தூக்கியிருந்தால், நாலில் ஒருவர் தலைச்சும்மாட்டில் இப்படித்தான் ஒட்டியிருக்கும். கூடவே, அந்த வீட்டு முற்றத்தில் எங்கே அள்ளினாலும் இதே மணல்தான் என்பதும், சுவர்ச் சுண்ணாம்பு உதிர்ந்தாலும் இப்படித்தான் ஒட்டும் என்பதும் அவருக்குத் தெரியும். வேறு யாராவது இதைக் கொண்டுவந்திருந்தால், 'இது செல்லாது, போவும்' என்றிருப்பார்.

"எண்ணட்டாப்பா? முன்னூறு இருக்குமா?"

"வேண்டாம் மக்ளே" என்றார். காகிதத்தை நாலாக மடித்து, மலரின் முதல் பக்கத்துக்குள் வைத்து மூடினார்.

அடுக்களையில் மண்பானை வைக்கிற இடத்தில் தரை கொஞ்சம் சரிவு. பூங்கனி சும்மாட்டை அங்கே போட்டுப் பானையை மேலே வைத்தாள். ஜெப்சி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் ஒரு குடம் எடுத்துவந்து ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

பூங்கனி பானையை ஒரு விரலால் அசைத்துப் பார்த்தாள்.

"கொள்ளாம், நல்லாருக்கு. ஆடல்ல" என்றாள்.